வாசலில் நின்று அனுமதி கேட்கும் பேய்

அன்புள்ள கண்ணம்மா,

உன் மெசேஜ் பார்த்தேன். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் வந்தால் மூணு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது, வாரம் ஒரு டிராகுலா படம் என்று தோழிகளோடு முடிவு பண்ணியிருக்கிறோம், எதில் ஆரம்பிக்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் கடிதம்.

போன வாரம் பார்த்த படத்தில் வாளி வாளியாக ரத்தம் கொட்டியும் மறுநாளே மறந்துபோச்சு என்கிறாய். மறக்கத்தான் செய்யும். ரத்தத்துக்காக யாரும் இந்தப் படங்களை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. இந்த ரத்தக்காட்டேரிக்கு வேறு எந்தப் பேய்க்கும் இல்லாத அளவுக்குக் கட்டுப்பாடு உண்டு. வெயில் ஆகாது. கண்ணாடியில் முகம் தெரியாது. யாராவது கூப்பிடாமல் வீட்டுக்குள் கால் வைக்க முடியாது. நம்மூர் மோகினிக்கும் இரும்பு, வேப்பிலை என்று சில பயங்கள் இருக்கலாம், ஆனால் வாசலில் நின்று “உள்ளே வரலாமா?” என்று கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்தக் கட்டுப்பாடுகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதற்கு உண்மையாக இருக்கிற படம்தான் மனசில் நிற்கிறது. என் கட்சி இதுதான்.

‘நோஸ்ஃபெராட்டு’வில் ஆரம்பி. 1922-இல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த மௌனப்படம். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவலை உரிமை வாங்காமல் எடுத்துவிட்டார்கள். பெயர்களை மட்டும் மாற்றி, டிராகுலா பிரபுவை ஓர்லாக் பிரபு ஆக்கினார்கள். ஸ்டோக்கர் அப்போது உயிரோடு இல்லை. அவர் மனைவி ஃபிளாரன்ஸ் விடவில்லை, வழக்குப் போட்டார். 1925-இல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. தயாரித்த கம்பெனி அதற்குள் திவால். எங்கெங்கோ தப்பித்த சில பிரதிகளால்தான் இன்றைக்கு நீ அதைப் பார்க்க முடிகிறது. அந்த அம்மாள் மேல் எனக்குக் கோபமே கிடையாது, அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனாலும் பிரதிகள் தப்பியதில் சந்தோஷம்தான்!

இதில் ஒரு சங்கதி. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி செத்துவிடும் என்று உலகமே நம்புகிறதே, அது நாவலில் இல்லை. 1897-இல் வந்த அந்தப் புத்தகத்தில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். பகலில் சக்தி குறைவு, அவ்வளவுதான். சேவல் கூவும்வரை ஒரு பெண் அவனைத் தன் அறையிலேயே பிடித்து வைத்திருப்பதும், ஜன்னல் வழியாக விழும் விடியல் வெளிச்சத்தில் அவன் கரைந்து புகையாவதும் முர்னாவின் படத்தில் வந்தவை. அப்புறம் வந்தவர்களில் பாதிப் பேர் இந்த முடிவிலிருந்து கடன் வாங்கியவர்கள்.

ஒன்று கவனி. யூடியூபில் கிடைக்கிற பழைய கறுப்பு-வெள்ளைப் பிரதியைப் பார்க்காதே. அந்தக் காலத்தில் இரவுக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்து, ஃபிலிமில் நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் இரவு என்று பார்ப்பவர்களுக்குப் புரியும். சாயம் போன பிரதியில் ஓர்லாக் நல்ல வெயிலில் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் போகிறான். படத்தின் உயிரான விதியே அங்கே காலி, சிரிப்புத்தான் வரும். சாயத்தோடு மீட்டெடுத்த பிரதி கிடைக்கும், அதைத் தேடு. படிக்கட்டில் நிழல் ஏறுகிற இடத்தில் தோழிகளைப் பேசாமல் இருக்கச் சொல். ஆளைக் காட்டவே மாட்டார்கள். கூனிய முதுகு, நீண்ட நகம், சுவரில் நிழல் மட்டும். அப்புறம் அந்தக் கையின் நிழல் அந்தப் பெண்ணின் நெஞ்சின் மேல் வந்து மெல்ல மூடிக்கொள்ளும். நூறு வருஷம் ஆகியும் அதைத் தாண்டிய ஒரு பயமுறுத்தல் எனக்குக் கிடைக்கவில்லை. மாக்ஸ் ஷ்ரெக் என்ற அந்த நடிகர் கண் கொட்டுகிறாரா என்று கவனி.

1931-இல் பேலா லுகோஸி நடித்த ‘டிராகுலா’வைப் பார்க்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். பின்னணி இசை கிட்டத்தட்ட கிடையாது, இரண்டாம் பாதி மேடை நாடகம் மாதிரி போகும். ஆனால் கோட்டைப் படிக்கட்டுக் காட்சி ஒன்று போதும். பெரிய சிலந்தி வலை குறுக்கே கட்டியிருக்கிறது. டிராகுலா அதைக் கடந்து மேலே போய்விடுகிறான், வலை கிழியவே இல்லை. பின்னால் வருகிற மனுஷன் தடியால் அதைக் கிழித்துக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. ஒரு வசனம் இல்லை, ஒரு தந்திரக் காட்சி இல்லை. இன்னொன்று, லுகோஸியின் வாயில் நீண்ட பற்களே கிடையாது. கோரைப்பல் இல்லாத டிராகுலாதான் உலகத்துக்கே டிராகுலா முகம் கொடுத்தான். அதே அரங்குகளில் இரவு நேரத்தில் வேறொரு குழு ஸ்பானிஷ் மொழியில் இதே கதையை எடுத்தது. கேமரா நகர்வில் அதுதான் மேல் என்று சொல்பவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி. ஆனால் லுகோஸி அதில் இல்லையே!

கிறிஸ்டோபர் லீ டிராகுலாவாக நடித்த 1958 படம் வண்ணப்படம். பார்த்தால் ஜாலியாக இருக்கும், ரொம்ப யோசிக்காதே. லீ ஆரம்பத்தில் கொஞ்சம் பேசுவதோடு சரி, அப்புறம் வாயே திறப்பதில்லை. கடைசியில் டிராகுலாவை ஒழிக்க வரும் பீட்டர் குஷிங் மேஜை மேல் ஓடித் தாவி, திரைச்சீலையைக் கிழித்து வெயிலை உள்ளே விடுவார். விசிலடிக்கத் தோன்றும்.

வெயிலை இன்னும் கெட்டிக்காரத்தனமாகப் பயன்படுத்தியது 1987-இல் கேத்ரின் பிகலோ எடுத்த ‘நியர் டார்க்’. ரத்தம் குடிக்கும் கும்பல் ஒன்று பகலில் ஒரு மோட்டலில் அடைந்து கிடக்கிறது. வெளியே போலீஸ். துப்பாக்கிச் சூடு ஆரம்பிக்கிறது. குண்டு அவர்களை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒவ்வொரு குண்டும் சுவரில் ஓட்டை போடுகிறது, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஈட்டி மாதிரி வெயில் உள்ளே பாய்கிறது. குண்டுக்குப் பயப்படாதவர்கள் வெளிச்சத்துக்கு விலகி விலகி ஓடுகிறார்கள். ஒரு விதியை வைத்துக்கொண்டு எவ்வளவு வேலை பார்க்கலாம் பார்! ‘வேம்பயர்’ என்ற சொல்லே அந்தப் படத்தில் ஒருமுறைகூட வராது.

‘ட்வைலைட்’ விஷயத்தில் நமக்குள் பழைய சண்டை உண்டு, திரும்பக் கிளப்பவில்லை. வெயிலில் நின்றால் வைரம் மாதிரி மினுக்குகிறவனிடம் எனக்கு எந்தப் பயமும் வரமாட்டேன் என்கிறது. காதல் படமாகப் பார்த்துக்கொள்.

இப்போது உன் ஊர்ப் படம். ‘லெட் தி ரைட் ஒன் இன்’, 2008, டோமாஸ் ஆல்ஃப்ரெட்சன் இயக்கியது. கதை நடப்பது பிளாக்கெபெர்கில், உங்கள் மெட்ரோவில் பச்சை லைனில் வருகிற அதே பிளாக்கெபெர்க். ஆனால் கேமராவோடு அவர்கள் பெரும்பாலும் வடக்கே லூலியோவுக்குப் போய்விட்டார்கள், பனிக்காக. 1980-களின் ஆரம்பம். பள்ளியில் அடி வாங்கும் ஆஸ்கர் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். பக்கத்து ஃபிளாட்டுக்குக் குடிவரும் ஏலி. பனியில் செருப்பில்லாமல் நிற்கிற பிள்ளை. நடித்த சிறுமியின் குரலை எடுத்துவிட்டு, கொஞ்சம் கரகரப்பான வேறொரு குரலைச் சேர்த்தார்கள். கேட்கும்போது ஏதோ இடிக்கிறதே என்று தோன்றும், காரணம் தெரியாது.

அதில் ஒரு காட்சிக்காகத்தான் இவ்வளவு நீளக் கடிதமே. ஏலி கதவருகே வந்து நிற்கிறாள். உள்ளே வரச் சொல் என்கிறாள். ஆஸ்கருக்கு அவள் மேல் வருத்தம். வாயால் கூப்பிடாமல் கையை மட்டும் ஆட்டுகிறான். கூப்பிடாமல் வந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறான். சின்னப் பையன்களுக்கே உரிய குரூரம் அது. அவள் பதில் சொல்லாமல் உள்ளே வந்து நிற்கிறாள். சில விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் உடம்பு நடுங்குகிறது. கண், காது, தலைமுடி என்று எல்லா இடத்திலிருந்தும் ரத்தம் கசிகிறது. பையன் பதறிப்போய், வா, நீ வரலாம் என்று கத்தி அவளைக் கட்டிக்கொள்கிறான். அத்தனை நாள் எத்தனையோ படத்தில் இந்த விதியைப் பார்த்திருக்கிறோம், மீறினால் என்ன என்று காட்டி நான் பார்த்ததில்லை. இங்கே அவள் தன் உயிரைப் பணயம் வைத்து, நீ என்னை விடமாட்டாய் என்று நம்பி நிற்கிறாள். ரத்தம் கொட்டியும் இது அன்பைப் பற்றிய காட்சியாக இருக்கிறது. நீச்சல் குளக் காட்சி வரும்போது சத்தத்தைக் குறைக்காதே, அதற்கு மேல் சொல்லமாட்டேன்.

இதே வாசல் விதியை ஒரு ஊருக்கே உரியதாக்கியது 2025-இல் வந்த ரையன் கூக்லரின் ‘சின்னர்ஸ்’. 1932, அமெரிக்காவின் மிசிசிப்பி. கறுப்பின மக்கள் தங்களுக்கென்று திறக்கிற ஆட்டபாட்டக் கூடத்தின் வாசலில் ரத்தக்காட்டேரிகளான மூன்று வெள்ளைக்காரர்கள் பாட்டுப் பாடி நிற்கிறார்கள், உள்ளே விடுங்கள் என்று. யாரை உள்ளே விடுவது என்பது அந்த இடத்தில், அந்தக் காலத்தில், சும்மா பேய்க்கதைக் கேள்வி இல்லை. சிறுநீர் கழிக்க வெளியே போன சொந்த ஆளே திரும்பி வந்து, ஏன் என்னை உள்ளே கூப்பிடமாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்கிற இடம் பிரமாதம். கொஞ்சம் முன்புவரை அங்கேயே இருந்தவனுக்கு இப்போது மட்டும் எதற்கு அழைப்பு?

கொப்போலாவின் 1992 டிராகுலா படத்தை நேரம் இருந்தால் பார். கதை ஒரே கூச்சல், எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எய்கோ இஷியோகாவின் உடைகளுக்காகப் பார்க்கலாம், ஆஸ்கர் விருது கிடைத்தது அதற்கு.

முதல் வாரமே சுவீடன் படத்தைப் போட்டுவிடாதே. அதற்கப்புறம் மற்றதெல்லாம் சப்பென்று இருக்கும். நோஸ்ஃபெராட்டு, நியர் டார்க், அப்புறம் அது. லுகோஸியை உன் தோழிகள் தாங்குவார்களா என்று பார்த்து முடிவு செய்.

அப்பாவுக்கு இதெல்லாம் சுத்தப் பைத்தியக்காரத்தனம். பருப்புப்பொடி பார்சல் வந்து சேர்ந்ததா என்று மட்டும் கேட்கச் சொன்னார். வந்திருந்தால் அவருக்கே ஒரு போன் போட்டுச் சொல்லு.

அன்புடன்,
அம்மா