அந்த ஒப்பனை அறையின் சாவி யாரிடம் இருக்கிறது?

மாண்பமை துணைவேந்தர் அவர்களுக்கும் விழா அரங்கக் குழுவினருக்கும் வணக்கம்.

நம் பல்கலைக்கழகக் கலை வாரத்தின் நான்காம் நாள் மாலை கூத்துக் கலைஞர்களையும் பறைக் கலைஞர்களையும் நாம் நடத்திய விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. மறுநாளே பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன், பெற்றுக்கொண்டதாக முத்திரை குத்தித் தந்தார்கள். ஏழு வாரம் ஆகிறது. முத்திரையின் மை இன்னும் பளிச்சென்று இருக்கிறது, பதில்தான் வரவில்லை. அதனால் இந்தத் திறந்த மடல்.

கேட்பது பெரிய விஷயம் இல்லை. நம் அரங்கத்து மேடையில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒப்பனை அறையைத் திறந்துவிடுங்கள். கூத்துக்கும் பறைக்கும் ஆண்டில் ஒரு முழு மாலையாவது கொடுங்கள்.

அழைப்பிதழில் ‘பல்வகைக் கலைகளின் சங்கமம்’ என்று தங்க எழுத்தில் அச்சிட்டிருந்தீர்கள். முதல் நாள் கர்நாடக இசை, அடுத்த நாள் பரதம், மூன்றாம் நாள் மாணவர்களின் மெல்லிசை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம். நான்காம் நாள் ‘நாட்டுப்புறக் கலைகள்’. பறை, கரகம், ஒயிலாட்டம், தெருக்கூத்து நான்கும் சேர்த்து ஒன்றரை மணி நேரம். அதிலும் பறைக்கு மேடையே கிடையாது. சிறப்பு விருந்தினரைக் காரிலிருந்து வாசல் வரை அழைத்துவர மட்டும்தான். கச்சேரியின் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. முதல் நாள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கடைசி மங்களம் வரை கேட்டவன் நான். அவர்களுக்குக் கொடுத்ததைக் குறைக்கச் சொல்லவில்லை, இவர்களுக்கும் கொடுங்கள் என்கிறேன்.

கூத்துக் குழுவை அழைத்து வந்தவன் நான் என்பதால் அன்று மாலை முழுவதும் அவர்களோடுதான் இருந்தேன். பதினோரு பேர், ஒரு வேன், நாலு பெட்டி. நாலரை மணிக்கே வந்துவிட்டார்கள், ஏனென்றால் வேடம் கட்ட இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. மேடைக்குப் பின்னால் இருக்கும் ஒப்பனை அறை பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே சுற்றிலும் பல்பு வைத்த ஆளுயரக் கண்ணாடி, வெள்ளைத் துண்டு விரித்த சோபா, மேசை மேல் மூடி வைத்த முந்திரித் தட்டு. அது சிறப்பு விருந்தினர் இளைப்பாறுவதற்காம். சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் கண்காணிப்பாளரிடம் என்றார், கண்காணிப்பாளர் ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டார் என்றார் இன்னொருவர். கடைசியில் சைக்கிள் ஸ்டாண்டைக் காட்டினார்கள்.

அங்கே ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் விட்டு விட்டு எரிந்தது. பாஞ்சாலி வேடம் கட்டுபவருக்கு அறுபத்தோரு வயது. நாற்பது ஆண்டுகளாக அந்த வேடத்தைக் கட்டுகிறார். அவர் கேட்டது ஒரு கண்ணாடி மட்டும். கிடைக்கவில்லை. நிறுத்தியிருந்த ஒரு புல்லட்டின் பக்கக் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, குனிந்து நின்று அரிதாரம் பூசினார். உள்ளங்கை அளவுக் கண்ணாடியில் ஒரு நேரத்துக்கு ஒரு கன்னம்தான் தெரியும். என் மாணவி ஒருத்தி செல்போன் வெளிச்சம் பிடித்துக்கொண்டு நின்றாள். பாதி புருவம் எழுதும்போது வண்டிக்காரர் வந்துவிட்டார். “கொஞ்சம் ஒதுங்குங்க பெரியவரே, டூட்டிக்கு நேரமாச்சு” என்றார். அவர் மேலும் தப்பில்லை. வண்டி போய்விட்டது. மீதிப் புருவத்தைக் கண்ணாடி இல்லாமல் விரல் கணக்கில் எழுதினார் பெரியவர். எழுதிவிட்டு என்னைப் பார்த்து, “சரியா இருக்கா சார்?” என்று கேட்டார். நான் சரியாக இருக்கிறது என்றேன். இல்லை.

பறைக் குழுவின் கதை சுருக்கமானது. தோல் ஈரம் வாங்கினால் சத்தம் சொதசொதவென்று விழும், அதனால் அடிக்கும் முன் தீயில் வாட்டியாக வேண்டும். அரங்கத்தின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி வைக்கோலைக் கொளுத்தியதும் காவலாளி வாளித் தண்ணீரோடு வந்து அணைத்துவிட்டார். கட்டடத்தின் பக்கத்தில் தீ வேண்டாம் என்றால் அது நியாயம்தான். ஆனால் இருநூறு அடி தள்ளி மைதானம் இருக்கிறதே, அங்கே போங்கள் என்று சொல்ல ஒரு வாய் இல்லையா? ஈரத் தோலோடுதான் உங்கள் விருந்தினரை வரவேற்றார்கள்.

அப்புறம் மேடை. கூத்துக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். வாழ்த்துரைகள் நீண்டதால் அது ஒன்பது நிமிடமாகச் சுருங்கியது. கூத்தில் துரியோதனன் எடுத்தவுடனே வந்து நின்றுவிட மாட்டான் என்பது உங்களுக்கே தெரியும். இருவர் திரை பிடிப்பார்கள், திரைக்குப் பின்னால் பாட்டும் ஆட்டமும் நடக்கும், கிரீடத்தின் நுனி மட்டும் மேலே தெரியும், கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் கேள்வி கேட்பான். சபையைக் காக்க வைத்துத்தான் ராஜா வருவான். அன்று திரை விலகும் முன்பே கீழிருந்து கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். இரண்டு மணி நேரம் வேடம் கட்டிய துரியோதனனின் முகத்தை நம் பல்கலைக்கழகம் பார்க்கவே இல்லை. நன்றியுரைக்கு மட்டும் பதினான்கு நிமிடம் இருந்தது.

2025இல் புரிசை கண்ணப்ப சம்பந்தனுக்கும் மதுரை வேலு ஆசானுக்கும் பத்மஸ்ரீ அறிவித்தபோது நம் முகப்பில் வாழ்த்துப் பதாகை கட்டினீர்கள். ஒருவர் தெருக்கூத்து, இன்னொருவர் பறை. ஒருவேளை அவர்களே நேரில் வந்திருந்தால் சைக்கிள் ஸ்டாண்டில் இன்னொரு டியூப்லைட் போட்டிருப்பீர்களோ என்னவோ. என் வகுப்பில் சங்க இலக்கியத் திணைகளுக்கு உரிய கருப்பொருள் பதினான்கு என்று நடத்துகிறேன். ஒவ்வொரு திணைக்கும் ஒரு பறை, ஒரு யாழ் உண்டு என்று மாணவர்கள் எழுதினால் மதிப்பெண் போடுகிறேன். விடைத்தாளில் வந்தால் மதிப்பெண், ஆளாக வந்தால் வாசல்.

பல்கலைக்கழகம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாட்டு கடைசித் துக்கடாவாக ஒதுங்கிக் கிடந்த காலத்தில், 1941இல் தமிழிசைக்கு மாநாடு கூட்டியது சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம். சபாக்கள் தயங்கியபோது ஒரு பல்கலைக்கழகம் கதவைத் திறந்தது. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1960களிலேயே பாலசரஸ்வதி பரதம் கற்பித்தார். அவருடைய தம்பிகள் ரங்கநாதன் மிருதங்கமும் விஸ்வநாதன் பாட்டும் குழலும் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். அதே வளாகத்தில் ஜாவா தீவின் கமெலான் இசைக்குத் தனி இடம் உண்டு. நவராத்திரி விழா இன்றும் நடக்கிறது. எங்கிருந்தோ வந்த கலைக்கு அவர்கள் இடம் கொடுக்கிறார்கள். நம் வளாகத்திலிருந்து முப்பது கிலோமீட்டரில் இருக்கும் கலைக்கு நம்மிடம் ஒரு சாவி இல்லை.

இதை எழுதுவதால் எனக்கு என்ன ஆகும் என்று நண்பர்கள் கவலைப்படுகிறார்கள். நான் கௌரவ விரிவுரையாளர். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2019இல் சொன்னது. நமக்கு அதில் பாதியும் இல்லை, அதுவும் மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் வருகிறது. ‘கௌரவ’ என்ற சொல்லை யார் சேர்த்தார்களோ, நல்ல நகைச்சுவை உணர்வு உள்ளவர். சரி, அது வேறு மடல். அரங்கத்துக்கே வருகிறேன்.

தயவுகூர்ந்து மூன்று காரியம் செய்யுங்கள். ஒப்பனை அறையின் சாவி நிகழ்ச்சி நடக்கும் நாளில் கலைஞர்கள் கையில் இருக்கட்டும், விருந்தினர் இளைப்பாற உங்கள் அலுவலகத்தில் நல்ல சோபாக்கள் இருக்கின்றன. நிகழ்ச்சிகளை முடிவு செய்யும் குழுவில் ஒரு கூத்துக்காரரோ பறைக் கலைஞரோ உட்காரட்டும். அப்புறம் அந்த ஒரு முழு மாலை. முடிந்தால் மாலையில் தொடங்கி விடியும் வரை. விடிய விடிய மின்சாரம் செலவாகும் என்றால் ஏசியை அணைத்துவிடுங்கள், பறைக்கும் அதுதான் நல்லது.

கூத்துக் குழுவின் வாத்தியாரிடம் பேசினேன். ஆடி வரை அவர்களுக்கு ஊர் ஊராகப் பாரதக் கூத்து இருக்கிறது, ஆவணியில் தேதி தரலாம் என்கிறார். “மறுபடியும் வருவீங்களா?” என்று தயங்கித்தான் கேட்டேன். “கூப்பிட்டா வருவோம் சார். இந்தத் தடவை கண்ணாடிய நாங்களே கொண்டாந்துடறோம்” என்றார்.

கொண்டுவர வைத்துவிடாதீர்கள். ஆடி முடிவதற்குள் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தமிழ்த்துறைக் கௌரவ விரிவுரையாளர் ஒருவன்