கடிகாரத்தைப் பார்க்காத இடைக்கணிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பைத்தான் நிரல்மொழி கற்றுத்தரும் கட்டுரைகள் பலவும், விடுபட்ட அளவீடுகளை நிரப்ப அதன் தரவு நிரல்தொகுப்பான பாண்டாஸின் ‘இன்டர்போலேட்’ (அருகிலுள்ள மதிப்புகளைக் கொண்டு இடைமதிப்பைக் கணிக்கும் கட்டளை) போதும் என்று முடித்துவிடுகின்றன. சீரற்ற இடைவெளியில் பதிவான தரவுக்கு அது போதாது.

காலை 10.00 மணிக்கு வெப்பநிலை 20 பாகை, 11.00 மணிக்கு 30, நடுவே 10.10க்கான பதிவு காலி என்று கொள்வோம். இயல்பாக இயங்கும் ‘லீனியர்’ முறை நேரத்தைப் பார்ப்பதே இல்லை. வரிசைகள் சம தூரத்தில் இருப்பதாகக் கருதி 25 என்று நிரப்பும். ‘டைம்’ முறையோ 60 நிமிடத்தில் 10 எனக் கணக்கிட்டு 21.67 தரும். தவறான விடைக்குப் பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் ஆபத்து.

ஐந்து நிமிடச் சீர் இடைவெளிக்கு மாற்றும்போது இன்னொரு இழப்பு. நேரடியாக ‘ரீஇன்டெக்ஸ்’ செய்தால், அதாவது புதிய நேரங்களை மட்டும் வைத்துக்கொண்டால், 10.03, 10.07 போன்ற மூல அளவீடுகள் உதிர்ந்துபோகும். பிறகு எதை வைத்து இடைக்கணிப்பது? நேரங்களை வரிசைப்படுத்தி, இரட்டைப் பதிவுகளை நீக்குங்கள். பழைய நேரங்களையும் புதியவற்றையும் ‘யூனியன்’ மூலம் இணைத்து, ‘டைம்’ முறையில் நிரப்பி, அதன் பிறகே புதிய நேரங்களை மட்டும் எடுக்க வேண்டும்.

கடைசி அளவீட்டுக்குப் பின்னுள்ள காலியிடங்களிலும் அதே மதிப்பு நகலாகும். எந்தப் பகுதியை நிரப்பலாம் என்று சொல்லும் ‘லிமிட்_ஏரியா’வுக்கு ‘இன்சைட்’ (அளவீடுகளுக்கு இடையே மட்டும்) கொடுத்தால் இது நிற்கும். தொடர்ந்து எத்தனை நிரப்பலாம் என்று வரம்பிடும் ‘லிமிட்’ எண்ணுவது காலி வரிசைகளைத்தான், மணிநேரத்தை அல்ல.

காற்றின் திசையில் 350, 10 பாகைகள் இரண்டும் ஏறக்குறைய வடக்குதான்; ஆனால் நடுவே 180 வரும். நேர் எதிர்த்திசை! சைன், கோசைனாகப் பிரித்து நிரப்பிய பின் கோணமாக்குங்கள்.

இப்படிக்கு,
தரவுப் பகுப்பாய்வாளர் ஒருவர்