படிக்கட்டுக்கு ஓடப் பழக்காதீர்கள்: குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

மணி அடித்ததும் எல்லாரையும் படி வழியே இறக்கிக் கீழே நிறுத்தி, எத்தனை நிமிடத்தில் வந்து சேர்ந்தார்கள் என்று குறித்துக்கொள்வது தீ விபத்துக்கான பயிற்சி. பல சங்கங்கள் அதையே நிலநடுக்கப் பயிற்சி என்றும் அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுகின்றன. எங்கள் கவலை அதுதான். தீப்பிடித்தால் வெளியே போக வேண்டும். நிலம் ஆடும்போது இருந்த இடத்திலேயே ஒடுங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே மணி என்றால், ஆட்டம் தொடங்கியதும் குடியிருப்பே படிக்கட்டில் நிற்கும்.

ஆட்டத்தின்போது ஒவ்வொரு தளமும் அதற்குக் கீழுள்ள தளத்தைவிடச் சற்று முன்பின்னாக நகர்கிறது. இரு தளங்களையும் சாய்வாகப் பிணைத்திருக்கும் படிக்கட்டு அந்த நகர்வை எதிர்த்து, தன்மேல் விசையை இழுத்துக்கொள்கிறது. அதனால் மற்ற பாகங்கள் நன்றாக இருக்கும்போதே படிக்கட்டு விரிசல் விடுவதுண்டு. பலத்த ஆட்டம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்; ஐந்தாம் மாடியிலிருந்து அதற்குள் யாரும் பத்திரமாக இறங்க முடியாது. இறங்கிவிட்டாலும் வாசலில் தலைக்கு மேலிருந்து விழுவது கைப்பிடிச் சுவர்ச் செங்கல், சன்ஷேட் துண்டு, ஜன்னல் கண்ணாடி.

எனவே நிலநடுக்கத்துக்குத் தனி மணி வையுங்கள். அது கேட்டதும் உறுதியான மேசைக்கடியில் புகுந்து, தலையையும் கழுத்தையும் ஒரு கையால் மூடி, மறு கையால் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு அறுபது எண்ண வேண்டும். மேசை நகர்ந்தால் கூடவே நகர வேண்டும். பிடிக்கச் சொல்வதே அதற்காகத்தான். மேசை இல்லையென்றால் கண்ணாடியும் அலமாரியும் இல்லாத உட்சுவரோரம் குனிந்து உட்கார்ந்து, இரு கைகளாலும் தலை, கழுத்தை மூடலாம். படுக்கையில் இருப்பவர் குப்புறப் படுத்துத் தலையணையால் பின்தலையை மூடிக்கொண்டு அங்கேயே இருக்கட்டும். சக்கர நாற்காலியில் இருப்பவர் பிரேக்கைப் பூட்டி முன்குனிய வேண்டும். லிஃப்டில் இருப்பவர் எல்லாத் தளப் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் நிற்கும் தளத்தில் வெளியேற வேண்டும். கதவு நிலைக்கடியில் நிற்கும் பழைய அறிவுரையை விட்டுவிடுங்கள். இன்றைய வீடுகளில் நிலைக்குத் தனி வலு கிடையாது, ஆடும் கதவு விரலை நசுக்கும்.

(மண் சுவரும் கனமான கூரையும் கொண்ட பழைய ஒற்றைத்தள வீட்டில், வாசலுக்கு ஓரிரு எட்டில் இருப்பவர் திறந்தவெளிக்குப் பாய்வது சரியாக இருக்கலாம். உங்கள் மாடிக் குடியிருப்புக்கு அந்த விதிவிலக்கு பொருந்தாது.)

பயிற்சியைவிடப் பயன் தருவது சுவரில் போடும் சில ஸ்க்ரூக்கள். 180 செ.மீ. உயரமும் 45 செ.மீ. ஆழமும் உள்ள பீரோவை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பொருள் சீராக நிரம்பியிருந்தால், கிடைமட்ட முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் கால் பங்கைத் தாண்டும்போதே அதன் அடி தூக்கத் தொடங்கும். மேல்தட்டில் கனம் ஏற்றியிருந்தால் அதற்கும் முன்பே. மேல் மாடிகளில் ஆட்டம் தரையைவிடப் பெரும்பாலும் கூடுதல் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பீரோவின் மேல் விளிம்பருகே இரண்டு எல் பட்டைகள் போட்டுச் சுவரோடு பிணைக்க வேண்டும். இதில் வழக்கமாக நேரும் பிழை ஸ்க்ரூவின் நீளம். சிமென்ட் பூச்சே 12 முதல் 15 மி.மீ. இருக்கும், 25 மி.மீ. ஸ்க்ரூவில் பாதி பூச்சிலேயே நின்றுவிடும், ஒரு இழுப்புக்குப் பூச்சோடு பெயர்ந்து வரும். பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் 50 மி.மீ. இறங்க வேண்டும். செங்கல் இணைப்புக் கலவையில் துளை போடக் கூடாது. ஹாலோ பிளாக், ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) சுவர்களில், ஸ்க்ரூவுக்காகத் துளையில் செருகும் சாதாரண பிளக் பிடிக்காது, அவற்றுக்கென்று உள்ளதையே வாங்க வேண்டும். தூணிலோ பீமிலோ துளை போட யாருக்கும் அனுமதி தராதீர்கள். ஒரு டிரில்லும் விவரம் தெரிந்த ஆளும் சங்கத்தின் பொறுப்பில் வீடு வீடாகப் போனால், தனித்தனியே சொல்லி நடக்காதது நடந்துவிடும். கட்டில் தலைமாட்டுக்கு மேலுள்ள படம், பரணில் உள்ள கனமான பாத்திரம், கெய்சரின் தாங்கு போல்ட் ஆகியவற்றையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும், மேலே நின்று மோப்பம் பிடிப்பவருக்குத் தாமதமாகத்தான் தெரியும். சிலிண்டரை நிமிர்த்தி வைத்துச் சங்கிலியால் சுவரோடு கட்டச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றதும் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறக்க வேண்டும். வாசனை வந்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. இரண்டிலுமே பொறி பறக்கும். குழாய்வழி எரிவாயு உள்ள கட்டடத்தில் முதன்மை வால்வை மூடத் தெரிந்தவர் ஒவ்வொரு நேரப் பணியிலும் ஒருவராவது இருக்க வேண்டும். மூடியதைக் கசிவுச் சோதனை முடியாமல் திறக்கக் கூடாது.

மொட்டைமாடித் தொட்டியைப் பற்றிச் சங்கங்கள் யோசிப்பதே இல்லை. 5000 லிட்டர் தண்ணீர் 5 டன். அதைப் பிணைக்காமல் செங்கல் மேடைமேல் உட்கார வைத்திருந்தால் தொட்டி சறுக்கும். சறுக்காவிட்டாலும் வெளிக்குழாய் இணையும் இடத்தில் விறைப்பான பிவிசி முறிந்து மொத்தத் தண்ணீரும் போய்விடும். அந்த இடத்தில் வளையும் குழாய்த் துண்டு ஒன்றைப் பொருத்தி, தொட்டியை இரும்புச் சட்டத்தோடு பிணையுங்கள். ஆட்டம் நின்றதும் வால்வை மூட ஆள் போகட்டும். வீட்டுக்குள் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளைக்குத் தண்ணீர் இருக்கட்டும். நான்கு பேருக்கு 48 லிட்டர், அதாவது 48 கிலோ. பரணில் வைக்கக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டில்ட் பார்க்கிங் (தரைத்தளத்தில் தூண்களுக்கிடையே வண்டி நிறுத்துமிடம்) உள்ள கட்டடங்களுக்கு மேலே சொன்னவை மட்டும் போதாது. மேல் தளங்கள் சுவர்களால் விறைப்பாக இருக்க, தரைத்தளம் வெறும் தூண்களில் நின்றால் நகர்வு முழுதும் அந்தத் தூண்களின் தலையில் விடியும். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கி.மீ.க்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் இப்படிப்பட்ட அடுக்குமாடிகள் இடிந்தன. தூண்களுக்கு உறை போடுவதா, இடையில் கான்கிரீட் சுவர் எழுப்புவதா, இரும்புச் சட்டம் கொடுப்பதா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் வரைபடத்தோடு கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். ஒப்பந்ததாரரின் கண்ணளவு போதாது. பெயின்ட் அடிக்க ஒதுக்கும் பணத்தை முதலில் இதற்குத் திருப்புங்கள்.

கூடும் இடத்தையும் மாற்றிக் குறியுங்கள். இரு பிளாக்குகளுக்கு நடுவிலுள்ள சந்து அதற்கு ஆகாது. முடிந்தால் கட்டடத்தின் உயர அளவுக்காவது விலகியிருக்கட்டும். இறங்கும்போது செருப்பில்லாமல் வந்தால் கண்ணாடிச் சில்லில் பாதம் கிழியும். ஒரு ஜோடி ஷூவையும் டார்ச்சையும் பையில் போட்டுக் கட்டில் காலில் கட்டிவைக்கச் சொல்லுங்கள். லிஃப்டை டெக்னீஷியன் பார்க்கும்வரை பூட்டி வையுங்கள். நிலை கோணி இறுகிய கதவுகளைத் திறக்கக் காவலர் அறையில் கடப்பாரை, தடித்த கையுறை, உதவி தேவைப்படுவோரின் வீட்டு எண்கள் மூன்றும் இருக்க வேண்டும்.

உள்ளே திரும்பப் போகலாமா என்ற கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தூண்களுக்கிடையே எழுப்பிய அடைப்புச் சுவரும் தூணும் சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் பெரும்பாலும் அஞ்ச வேண்டியதில்லை. தூணிலோ பீம் முனையிலோ சாய்வான அல்லது பெருக்கல் குறி போன்ற விரிசல், கான்கிரீட் உதிர்ந்து தெரியும் கம்பி, கட்டடத்தில் சாய்வு: இவற்றில் ஒன்று இருந்தாலும் பொறியாளர் பார்க்கும்வரை ஒருவரும் ஏறக் கூடாது, மருந்து எடுக்கக்கூட. 2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியில் 7.8 அளவு அதிர்வுக்குச் சுமார் 9 மணி நேரம் கழித்து 7.5 அளவில் இன்னொன்று வந்தது.

இப்படிக்கு,
கட்டமைப்புப் பொறியாளர்களும் பேரிடர்ப் பயிற்சியாளர்களும்