'ர்' படுத்திய பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கில உச்சரிப்புப் பயிற்சி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'கார்', 'ஃபோர்' போன்ற சொற்களில் கடைசி 'ர்' சத்தத்தை விழுங்கிவிட வேண்டும், படித்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று அதில் ஒரு வரி வருகிறது. 30 வருடம் நானும் வகுப்பில் இதையேதான் சொன்னேன். 'கா' என்று சொல்லுங்கடா என்பேன். கடைசி பெஞ்சிலிருந்து 'கா, கா' என்று கோரஸாகப் பதில் வரும். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே காக்கா வாத்தியார். அதனால் இந்த 'ர்' மேல் எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு.

கட்டுரையாளர் சொன்னது இங்கிலாந்தின் மேட்டுக்குடிப் பேச்சுக்குச் சரி. அதே இங்கிலாந்தில் தென்மேற்கே சாமர்செட், டெவன் பக்கம் போனால் கிராமத்துப் பெரியவர்கள் 'ர்' சத்தத்தை நாக்கை மடக்கி அழுத்திச் சொல்வார்கள். நாடகத்தில் குடியானவன் வேஷம் வந்தால் அந்தப் பேச்சைத்தான் கொடுப்பார்கள். அங்கே 'ர்' என்றால் பட்டிக்காடு.

அட்லாண்டிக்கைத் தாண்டினால் கதை தலைகீழ். 1962-ல் நியூயார்க்கில் வில்லியம் லபோவ் என்ற ஆய்வு மாணவர் ஒரு காரியம் செய்தார். மை தயாரிக்கும் தொழிலில் வேதியியலராக இருந்துவிட்டு மொழி ஆராய்ச்சிக்கு வந்த மனிதர் அவர். பணக்காரர்கள் போகும் சாக்ஸ், நடுத்தர மக்களின் மேசிஸ், மலிவு விலைக்குப் பேர்போன எஸ். கிளைன் என்று மூன்று பெரிய கடைகளைத் தேர்ந்தெடுத்தார். நாலாவது மாடியில் என்ன விற்கிறார்கள் என்று முதலிலேயே தெரிந்துகொண்டு, அந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கடை ஊழியர்களிடம் கேட்பார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்று பதில் வரும். அதில் இரண்டு 'ர்' இருக்கிறது, பாருங்கள். காதில் விழாதவர் மாதிரி குனிந்து மறுபடி கேட்பார். இந்தத் தடவை பதில் நிதானமாக, திருத்தமாக வரும். கொஞ்சம் தள்ளிப் போய் மறைவாக நின்று குறித்துக்கொள்வார். இப்படி 264 பேர். தங்களை ஒருவர் ஆராய்கிறார் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

சாக்ஸில் 100-க்கு 62 பேர் 'ர்' சத்தத்தை முழுதாகவோ ஓரளவோ சொன்னார்கள். மேசிஸில் 51. எஸ். கிளைனில் வெறும் 20. ஒரே கடைக்குள்ளும் ஏற்றத்தாழ்வு இருந்தது. மேசிஸில் மேற்பார்வையாளர்கள் அதிகம் சொன்னார்கள், விற்பனையாளர்கள் அதைவிடக் குறைவு, சரக்கு தூக்கும் பையன்கள் மிகக் குறைவு. சாக்ஸில் விற்பவர் ஒன்றும் கோடீஸ்வரர் இல்லை. வாங்க வருகிறவர்களின் பேச்சை இரவல் வாங்கிக்கொண்டவர், அவ்வளவுதான்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு தலைமுறைக்கு முன் அதே நியூயார்க் மாநிலத்துப் பழைய பணக்காரக் குடும்பங்கள் 'ர்' சொல்லவில்லை. ஜனாதிபதி ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் வானொலிப் பேச்சுகளைக் கேட்டால் தெரியும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மவுசு இடம் மாறியது. ஒலி அதே ஒலிதான்.

இங்கிலாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. பிபிசியில் போர்க்காலத்தில், வட இங்கிலாந்தின் யார்க்ஷயர்க்காரரான வில்ஃப்ரெட் பிக்கிள்ஸைச் செய்தி வாசிக்க வைத்தார்கள். வட இங்கிலாந்துப் பேச்சில் செய்தியா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர் வாசித்த செய்தியில் பிழை இருந்ததாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

நமக்கோ 'ர்' சொல்லக் கஷ்டமே இல்லை. எழுதியிருந்தால் உச்சரித்துவிடுவோம். அதை விழுங்கச் சொல்லிப் பிள்ளைகளைப் படுத்தி எடுத்தேன். இப்போதைய பயிற்சி நிலையங்கள் எந்த ஊர் ஆங்கிலத்தைச் சொல்லிக் கொடுக்கின்றன என்று கட்டுரையாளர் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அமெரிக்காக்காரரோடு போனில் பேசப்போகும் பையனுக்கு லண்டன் உச்சரிப்பைப் பழக்கிக் காசு வாங்குவது நியாயமில்லை.

போன மாதம் நியூஜெர்சியிலிருந்து என் பழைய மாணவன் ஒருவன் பேசினான். "சார், இங்க எல்லாரும் கார்னுதான் சொல்றாங்க" என்றான். எனக்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பக்கம் அவனே மெதுவாக "கா, கா" என்றான்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
திருநெல்வேலி