கோழி மேயும் இடத்தில் நெருப்பெறும்பு

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். வேலியோரம் மண்ணைப் பொலபொலவென்று குவித்து, உச்சியில் வாய் எதுவும் இல்லாமல் இருக்கிறதே, அது நெருப்பெறும்புப் புற்றுதான். தென் அமெரிக்காவிலிருந்து 1930களில் கப்பலில் வந்து இறங்கியதே உங்கள் அலபாமாவில் உள்ள மொபைல் நகரத் துறைமுகத்தில்தான். எறும்பு ஆராய்ச்சியில் பெரும்பெயர் எடுத்த எட்வர்ட் வில்சன் 1942இல், 13 வயதுப் பையனாக, அங்கே அதைக் கண்டு குறித்துவைத்தார். ஆகவே "நம்ம வீட்டுக்கு மட்டும் ஏன்ப்பா" என்று கேட்காதே. அதன் ஊருக்கு நீங்கள்தான் குடிபோயிருக்கிறீர்கள்.

மாப்பிள்ளை பெட்ரோல் ஊற்றலாமா என்று கேட்டாராம். வேண்டவே வேண்டாம். தீ ஆபத்து ஒரு பக்கம். மண்ணும் கெடும், அந்த மண்ணில்தான் கோழி புரண்டு குளிக்கும். சோள ரவையைத் தூவினால் எறும்பு வயிறு வெடித்துச் சாகும் என்றும் யாராவது சொல்வார்கள். வேலைக்கார எறும்பால் திடப்பொருளை விழுங்கவே முடியாது, அப்புறம் எங்கே வெடிப்பது?

புற்றுக்குள் முட்டையிடும் ராணி எறும்பு சாகாதவரை எதுவும் முடியாது. மேலே கிளறிவிட்டு மருந்து ஊற்றினால் நாலடி தள்ளி மறுபடி புற்று எழும். அதனால்தான் இரைமருந்தை நம்பச் சொல்கிறேன். சோயா எண்ணெயில் மருந்தைக் கலந்து சோள நொய்யில் ஏற்றியிருப்பார்கள். எறும்பு அதைத் தீனி என்று நினைத்துத் தானே சுமந்துபோய் ராணிக்கும் எறும்புக் குஞ்சுகளுக்கும் ஊட்டும். மெதுவாகத்தான் கேட்கும். ஏக்கருக்கு 1 முதல் 1.5 பவுண்டு போதும், அள்ளிக் கொட்டாதே.

சிக்கல் என்னவென்றால், சோள நொய் கோழிக்கும் பிடித்த தீனி. அதனால் மேய்கிற இடத்தில் தூவாதே. நெருப்பெறும்பு இரை தேடித் தூரம் போகும். வேலிக்கு வெளியே தூவினாலும் உள்ளே இருக்கிற புற்றிலிருந்து வந்து எடுத்துப்போகும். வெளியே இடமில்லை என்றால், அந்தப் பக்கத்தைத் தடுத்துவிட்டுக் கோழிகளைச் சில நாள் வேறு பக்கம் விடு. எறும்பு பசியோடு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்: ஒரு உருளைக்கிழங்கு சிப்ஸை வைத்துவிட்டு அரைமணி கழித்துப் போ. மொய்த்திருந்தால் தூவலாம். புல் காய்ந்திருக்க வேண்டும், அடுத்த ஒரு நாளாவது மழை வரக் கூடாது.

கடையில் பெயரைப் பார்த்து வாங்காதே. எக்ஸ்டிங்குயிஷ் என்ற இரைமருந்தில் எஸ்-மெத்தோப்ரீன் மட்டும் இருக்கும், எறும்புக் குஞ்சு வளராமல் தடுக்கிற மருந்து. 'பிளஸ்' என்று போட்டதில் ஹைட்ராமெத்தில்நான் என்ற விஷமும் சேர்ந்திருக்கும். பை ஒரே மாதிரிதான் தெரியும். ஸ்பைனோசாட் என்ற மருந்து உள்ள இரையும் கிடைக்கிறது. எதுவானாலும் கோழி இருக்கிற இடத்தில் போடலாமா என்று லேபிளில் தேடிப் படி.

கோழிக்கூட்டை ஒட்டி இருக்கிற புற்றுக்கு மருந்தே வேண்டாம், வெந்நீர் போதும். குளிர்ந்த, வெயில் அடிக்கிற காலையில் எறும்புகள் குஞ்சுகளோடு மேலே வந்திருக்கும். அப்போது கொதிக்கக் கொதிக்க மூன்று கேலன் தண்ணீரை ஊற்று. பத்துக்கு ஆறு புற்று செத்துப்போகும், மீதிக்கு மறுபடி ஊற்ற வேண்டியதுதான். சுற்றியுள்ள புல்லும் கருகும், போகட்டும். கால் மூடிய பூட்ஸ் போடு, பேரனை வாசலுக்கே விடாதே.

எனக்குப் பெரிய கவலை உன் அடைக்கோழிதான். பெரிய கோழியை எறும்பு கடித்தால் அது உதறிவிட்டு ஓடிவிடும். ஓட்டைக் கொத்திக்கொண்டு வெளியே வருகிற குஞ்சுக்கு ஓட வழியில்லை, ஈர வாசனைக்கு எறும்பு நேராக அங்கே போகும். அடைப்பெட்டியைத் தரையில் வைக்காதே. நம் பாட்டி சாப்பாட்டு அலமாரிக் கால்களுக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பாரே, அதேபோல நாலு காலுக்கும் டப்பா வை. இரண்டு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் எறும்பு மிதந்து தாண்டாது. கோழி அந்த நீரைக் குடிக்காமல் மேலே தகரத்தால் மூடு. ஒரே ஒரு புல் நுனி பெட்டியைத் தொட்டாலும் அதுவே பாலம். இரவில் தீவனத்தை எடுத்து உள்ளே வை, உடைந்த முட்டையைக் கிடக்க விடாதே.

மழைவெள்ளம் வந்தால் எறும்புகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மொத்தமாக மிதக்கும். ஹார்வி புயலின்போது, 2017இல், இங்கே ஹூஸ்டனில் எங்கும் அப்படித்தான் மிதந்தன. நீரில் பழுப்பு நிறத்தில் திட்டு தெரிந்தால் கால் வைக்காதே.

கடிபட்ட இடத்தில் மறுநாள் சீழ்க் கொப்புளம் வரும். கிள்ளாதீர்கள். பேரனுக்கு உதடோ முகமோ வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, யோசிக்காமல் அவசர உதவி எண் 911ஐக் கூப்பிடு.

வாங்கும் முன் லேபிளைப் படம் எடுத்து அனுப்பு. ஞாயிறு காலை அழைக்கிறேன், மாப்பிள்ளையையும் பக்கத்தில் இருக்கச் சொல்.

அன்புடன்,
அப்பா