செயலாளரின் ஆண்டறிக்கை: கிரிக்கெட் கண்ணும் சாஃப்ட்பால் விதியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெற்றோர்களே, வணக்கம்.

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் நம் பிள்ளைகளுக்காக நடத்தும் சாஃப்ட்பால் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். பிரியாணி விற்ற பணத்தில், அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முகக்கவசமும் முழங்கால் காப்பும் வாங்கினோம். டர்பன் மழை வழக்கம்போல சில ஆட்டங்களைக் கெடுத்தது. காவடி ஞாயிறன்று வந்து விழுந்த ஓர் ஆட்டத்தை, எதிரணியினர் பெருந்தன்மையோடு வேறு நாளுக்கு மாற்றச் சம்மதித்தார்கள். மற்றதெல்லாம் பொருளாளர் கணக்கில் வரும்.

இந்த ஆண்டு நாம் புதிதாகச் செய்தது ஒன்றுதான்: பெற்றோருக்கும் பயிற்சியாளர்களுக்கும் விதி வகுப்பு. போன பருவத்தில் கோட்டுக்கு வெளியே எழுந்த சத்தம், உள்ளே ஆடிய பிள்ளைகளின் சத்தத்தைவிடப் பெரிது. நம்மில் அநேகர் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கண்ணோடு பார்த்தால் சாஃப்ட்பால் பாதி புரியும். மீதிப் பாதியில்தான் அம்பயரோடு சண்டை வருகிறது.

அதனால் விதிநூலை முதல் பக்கத்திலிருந்து படிக்காமல், கிரிக்கெட் பழக்கம் எங்கே நம்மை ஏமாற்றுகிறதோ அங்கிருந்து தொடங்கினோம். தமிழ்ப் பள்ளிக் கூடத்துத் தரையில் ஓடுபவர் மிதிக்க வேண்டிய இடங்களான பேஸ்களைச் சாக்பீஸால் வரைந்து, தாத்தாமாரை ரன்னராக நிறுத்தினோம். எல்லோரும் உட்கார மறுக்கும் அளவுக்கு அது நன்றாகவே போனது.

முதல் வம்பு, பேட்டின் விளிம்பில் உரசி கேட்சர் கையில் போய் விழும் பந்து. கிரிக்கெட்டில் அது அவுட். இங்கே விளிம்பில் பட்டு விறைப்பாக நேரே கேட்சர் கையுறைக்குள் போனால் அது ஒரு ஸ்ட்ரைக், அதாவது அடிப்பவருக்கு எதிராக ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். மூன்றாவது ஸ்ட்ரைக்காக இருந்தால் மட்டும் அவுட். மேலே எழும்பிய பந்தைப் பிடித்தால், ஃபவுல் பகுதியில், அதாவது கோட்டுக்கு வெளியே, பிடித்தாலும் அவுட். இரண்டு ஸ்ட்ரைக்குக்குப் பிறகு அடித்த பந்து பிடிபடாமல் ஃபவுலானால் ஆட்டக்காரர் பிழைத்துக்கொள்வார். ஆனால் பேட்டை வீசாமல் பந்தை மெல்லத் தட்டும் பண்ட் ஆடி ஃபவுலாக்கினால் பிழைக்க முடியாது.

அடுத்தது கை. பேட்டைப் பிடித்த கையுறையும் பேட்டில் சேர்த்தி என்பது கிரிக்கெட் சட்டம். சாஃப்ட்பாலில் கை உடம்பின் பகுதி. பிட்சர் போட்ட பந்து கையில் பட்டால் ஆட்டம் நின்றுவிடும். அந்த நேரம் பேட்டை வீசியிருந்தால் ஸ்ட்ரைக். வீசாமல் நிற்க, அடிக்கத்தக்க பந்து வர வேண்டிய ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே வந்து பட்டிருந்தால் முதல் பேஸ். 'கிளவ்ஸ்ல பட்டிருக்கே, ஃபவுல்தானே' என்று இனி யாரும் கத்த வேண்டாம்.

ஓட்டத்தில் நம் பிள்ளைகள் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பேட்டைக் கையில் பிடித்தபடியே முதல் பேஸ்வரை ஓடி, அங்கே தரையில் தேய்க்கிறார்கள்! பேட்டைக் கீழே போட்டுவிட்டு ஓட வேண்டும், அதையும் வீசி எறியாமல். முதல் பேஸை மிதித்துவிட்டு நேரே ஓடித் தாண்டலாம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அப்படித் தாண்டினால் பந்தால் தொட்டு அவுட்டாக்கிவிடுவார்கள். முதல் பேஸில் வெள்ளை, ஆரஞ்சு என்று இரட்டைப் பலகை இருந்தால், அடித்துவிட்டு ஓடி வருபவருக்கு ஆரஞ்சு, பந்தைப் பிடிப்பவருக்கு வெள்ளை. இருவரும் மோதிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு.

வகுப்பில் அதிக நேரம் எடுத்தது இன்ஃபீல்ட் ஃப்ளை. முதல் இரண்டு பேஸ்களிலோ மூன்று பேஸ்களிலுமோ ரன்னர்கள் நிற்கிறார்கள். இதுவரை அவுட்டானவர் இரண்டுக்கும் குறைவு. பந்து உள்வட்டத்தில் உயரமாக எழும்புகிறது. பிடிபட்டால் ரன்னர்கள் தங்கள் பேஸில் இருக்க வேண்டும், எனவே நகர மாட்டார்கள். ஃபீல்டர் கெட்டிக்காரராக இருந்து வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டால், அடித்தவர் முதல் பேஸுக்கு வருவதால் எல்லோரும் திடீரென்று ஓடியே ஆக வேண்டும். ஒரே பந்தில் இரண்டு அவுட். இந்தத் தந்திரத்தைத் தடுக்கத்தான் விதி. ஃபீல்டர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய பந்து என்று தெரிந்ததும் அம்பயர் உரக்க அறிவிப்பார். பந்து கீழே விழுந்தாலும், ஃபவுலாகாத ஃபேர் பந்தாக இருக்கும்வரை அடித்தவர் அவுட். ரன்னர்கள் ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. பந்து விழுந்ததைப் பார்த்துவிட்டு அம்மாமார் 'ஓடு, ஓடு' என்று கூவ, பிள்ளை ஓடி அவுட்டானது நம் மைதானத்திலேயே நடந்திருக்கிறது. மட்டமாகப் பறக்கும் லைன் டிரைவுக்கும் பண்டுக்கும் இது கிடையாது.

மூன்றாவது ஸ்ட்ரைக்கைக் கேட்சர் பிடிக்காவிட்டால், முதல் பேஸ் காலியாக இருந்தாலோ ஏற்கெனவே இரண்டு பேர் அவுட்டாகியிருந்தாலோ அடிப்பவர் ஓடலாம். சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களில் உள்ளூர் விதி இதை மாற்றியிருக்கலாம், முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் வரும் அமெரிக்கப் பள்ளி விளக்கங்களை அப்படியே நம்ப வேண்டாம் என்பதும் இதனால்தான். நம் அடிப்படை, உலக பேஸ்பால் சாஃப்ட்பால் கூட்டமைப்பின் விதிநூல்.

பயிற்சியாளர்களுக்கு நான் வலியுறுத்த விரும்புவது அப்பீல். கேட்காமல் அவுட் கொடுக்கக் கூடாது என்பது கிரிக்கெட்டிலும் உண்டு. நம்மவர்களுக்குச் சட்டென்று பிடிபட்டது இது ஒன்றுதான். பந்து பிடிபடும் முன்பே ரன்னர் பேஸை விட்டு ஓடியிருந்தாலோ, ஒரு பேஸை மிதிக்காமல் போயிருந்தாலோ, அம்பயர் பார்த்தும் பேசாமல் நிற்பார். அடுத்த பந்து வீசப்படும் முன் நாம் கேட்க வேண்டும். வீசிவிட்டால் போச்சு. அடிக்கும் வரிசை மாறி ஒருவர் வந்தாலும் இப்படியே. ஆனால் பிட்சர் கையிலிருந்து பந்து விடுபடும் முன் ரன்னர் பேஸை விட்டால், அதை அம்பயரே அவுட் கொடுத்துவிடுவார். பெண்கள் ஆட்டத்தில் பிட்சர் நிற்பது 13.11 மீட்டர் தூரத்தில். கிரிக்கெட் பிட்சோ 20.12 மீட்டர். ரன்னர் கவனத்தைச் சிதறவிட நேரமே இல்லை.

அம்பயரிடம் எதைக் கேட்கலாம் என்பதிலும் ஒரு கோடு இருக்கிறது. ஸ்ட்ரைக்கா, ஸ்ட்ரைக் பகுதிக்கு வெளியே போன பாலா, அவுட்டா சேஃபா என்பவை அவர் கண்ணின் தீர்ப்பு, அதில் எதிர்ப்புக்கு இடமில்லை. விதியைத் தவறாகப் பொருத்தினால், அடுத்த பந்துக்கு முன் பயிற்சியாளர் டைம் கேட்டு மரியாதையாகச் சொல்லலாம். பெற்றோர் வேலியைத் தாண்டக் கூடாது என்று குழு தீர்மானித்திருக்கிறது. சில அங்கிள்மாருக்கு அது கசப்பாக இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். இருக்கட்டும்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் சாஃப்ட்பால் மறுபடியும் வருவதால் புதுப் பிள்ளைகள் கேட்டு வருகிறார்கள். அவர்களோடு வரும் பெற்றோருக்கும் பருவம் தொடங்கும் முன்பே இந்த வகுப்பை நடத்த வேண்டும். ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்ள முன்வருபவர்களும், அம்பயர் பயிற்சிக்குப் போக விரும்புபவர்களும் இன்று கூட்டம் முடிவதற்குள் துணைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். ஆயாமாரும் கொடுக்கலாம், வகுப்பில் இன்ஃபீல்ட் ஃப்ளையை முதலில் சரியாகச் சொன்னது ஓர் ஆயாதான்.

அடுத்து பொருளாளர் வரவு செலவு படிப்பார். அப்புறம் புதிய நிர்வாகக் குழுத் தேர்தல்.

செயலாளர்