வாசல் கேட்டில் உரிமையாளர் போன் எண் இருக்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பண்ணை வீடுகளில் நடக்கும் ராத்திரி ஆட்டம் பாட்டத்தைப் பார்த்து ஊர்மக்கள் கோபப்படுவது முழுக்க நியாயம். தென்னந்தோப்புக்குள் ஒரு வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். ஆழியாறு, டாப்சிலிப், மாசாணியம்மன் கோயில் என்று குடும்பத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். எப்போதாவது ஒரு கூட்டம் பெரிய ஸ்பீக்கரோடு வந்து இறங்கும்.

பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் விடியற்காலை நாலு மணிக்குப் பால் கறக்க எழுந்தாக வேண்டும். தோப்புக்கு நடுவில் இருக்கும் வீட்டிலிருந்து சத்தம் எப்படி வெளியே போகும் என்று விருந்தினர்கள் கேட்கிறார்கள். பாட்டில் தும் தும் என்று அதிரும் பேஸ் சத்தத்தைத் தென்னை மரம் தடுக்காது. போதாததற்கு, இரவில் தரை குளிர்ந்ததும் அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்துவிடும். மேலே போக வேண்டிய சத்தம் கீழே வளைந்து வெகுதூரம் போகும். பகலில் வேலி தாண்டாத பாட்டு ராத்திரியில் பெரியவர் கட்டில்வரை கேட்கிறது.

"உங்க ஊர்க் கோயில்ல மைக் வைக்கலீங்களா?" என்று விருந்தினராக வந்த ஒரு தம்பி கேட்டார். ஒலி மாசு விதிகள், 2000-இன்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்கு மாநில அரசு தளர்வு தரலாம். அதுவும் நள்ளிரவு 12 வரைதான், ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. நண்பர்களின் பிறந்தநாள் அதில் வராது.

அதனால் முன்பதிவின்போதே எத்தனை பேர், என்ன விசேஷம் என்று போனில் கேட்டுவிடுகிறேன். புகார் வந்தால், பதிவு செய்தவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன். குடித்திருக்கும் கூட்டத்தோடு வாதாடிப் பயனில்லை. அப்புறமும் அடங்காவிட்டால் தோட்டத்து ஆளோடு நேரில் போவேன். சிலர் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுகிறார்கள். அது சண்டையில்தான் போய் முடியும். உள்ளே குழந்தைகள் இருந்தால் அவர்களும் இருட்டில் கிடக்க வேண்டும்.

ஆனால் இங்கே பல வீடுகளின் உரிமையாளர்கள் கோவையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். காவலுக்கு இருக்கும் வயதானவர் சொன்னால் யார் கேட்பார்கள்? பக்கத்துக்காரரோ யாரைக் கூப்பிடுவதென்றே தெரியாமல் விடிய விடிய விழித்துக் கிடக்கிறார். நாள் வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டின் கேட்டிலும் உரிமையாளரின் எண்ணையும், அரை மணி நேரத்தில் நேரில் வரக்கூடிய உள்ளூர்க்காரர் ஒருவரின் எண்ணையும் எழுதி வைக்க ஊராட்சிகள் கட்டாயப்படுத்த வேண்டும். ராத்திரியில் அந்த போனை எடுக்காத வீடுகளுக்கு அபராதம் போடட்டும். முதலில் என் வீட்டு கேட்டிலேயே வந்து பார்க்கட்டும்.

ஒரு தென்னை விவசாயி,
ஆனைமலை